மேமே, தாத்தே... இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு தாய்மொழி!

காலையில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் "வா லேலே போ?" என்று கேட்க வேண்டும். 'நல்லா தூங்குனீங்களா?' என்று அர்த்தம். மதியம் தாண்டிவிட்டால் கேள்வி மாறும். "வா உஹாலா போ?" பகல் பொழுது நல்லபடியாகப் போச்சா? இருட்டுகிற நேரத்தில் "வா தோகெல்வா போ?" பொழுது நல்லபடியாகச் சாய்ந்ததா? எல்லாவற்றுக்கும் "ஏ" என்று இழுத்து ஒரு பதில். 'ஆமாம்' என்பதுதான் அது.

கேள்வியை மொட்டையாகக் கேட்கக் கூடாது. எதிரே இருப்பவர் பெண் என்றால் 'மேமே' சேர்க்க வேண்டும். ஆண் என்றால் 'தாத்தே'. மேமே என்றால் அம்மா. தாத்தே என்றால் தாத்தா அல்ல, அப்பா! தாத்தாவுக்கு 'தாத்தேகூலு', பாட்டிக்கு 'மேகூலு' என்று தனி வார்த்தைகள் இருக்கின்றன. தக்காளி விற்கிற அம்மா, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத பெரியவர் என எல்லோருமே மேமே, தாத்தேதான். கடைக்காரரை 'அண்ணே' என்றும், பூக்காரியை 'அக்கா' என்றும் கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த மொழியின் பெயர் ஓஷிக்வன்யாமா. ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியாவின் வடக்கு ஓரத்திலும் அங்கோலாவின் தெற்கு ஓரத்திலும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். நமீபியாவில் ஒஹாங்வெனா மாகாணம், அங்கோலாவில் குனேனே மாகாணம். நடுவில் ஒரு சர்வதேச எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அரசாங்க மொழி ஆங்கிலம், அந்தப் பக்கம் போர்த்துகீசு. இரண்டு பக்கமும் வீட்டுக்குள் நுழைந்தால் மேமே, தாத்தே. ஆனால், இந்த நிலை இன்னும் எத்தனை நாளைக்கு?

முன்னால் ஒட்டினால் போதும்!

தமிழில் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டுகிறோம். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்காரர். இவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். 'க்வன்யாமா' என்பது அடிச்சொல். 'ஓமு' சேர்த்தால் ஒரு ஆள், ஓமுக்வன்யாமா. 'ஓவா' சேர்த்தால் அந்த மக்கள், ஓவாக்வன்யாமா. 'ஓஷி' சேர்த்தால் மொழி. 'ஓவு' சேர்த்தால் அவர்கள் நாடு, ஓவுக்வன்யாமா. ஆங்கிலம் அவர்கள் வாயில் 'ஓஷி-இங்கிலிஷா'. அந்தக் கணக்கில் நம் மொழி அங்கே போனால் 'ஓஷி-தமிழ்' ஆகிவிடும். நாமெல்லாம் 'ஓவா-தமிழ்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

பெயருக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 'ன்யாமா' என்றால் இறைச்சி. முன்னொரு காலத்தில் ஒரு கூட்டம் புதிய இடம் தேடிப் போனதாம். வேட்டைக்கு வளமான ஒரு காட்டைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டதாம். மற்றவர்கள் அவர்களை 'இறைச்சிக்காரர்கள்' என்று கூப்பிட, அதுவே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது என்கிறது வாய்மொழி வரலாறு. கிண்டலாக வைத்த பட்டப்பெயர் பிற்பாடு ஒரு ராஜ்ஜியத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

ஆனால் அன்றாடச் சாப்பாடு இறைச்சி இல்லை. கம்பு. நம் ஊர் மானாவாரி நிலத்தில் விளைகிற அதே கம்புதான் அவர்களுக்கு 'ஓமஹாங்கு'. அதை இடித்து மாவாக்கிக் கிண்டும் களி 'ஓஷிஃபிமா'. நடுவில் கிண்ணம் வைத்து, சுற்றி உட்கார்ந்து, கையால் உருட்டிக் கீரையிலோ குழம்பிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். கம்பு மாவைப் புளிக்கவைத்துக் குடிக்கும் பானம் 'ஓந்தாகு'. வெயில் நேரத்தில் கம்பங்கூழ் தேடிப் போகிறவர்களுக்கு அதன் அருமை புரியும். விளைந்த தானியத்தைப் போட்டுவைக்க, நம் குதிர் மாதிரி, குச்சிகளால் பின்னிய ஆளுயரக் கூடைகள் வீட்டு வளாகத்தில் நிற்கும்.

அந்த மண்ணுக்கே உரிய சொற்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் ஆழமில்லாத நீண்ட பள்ளங்களுக்கு 'ஓஷானா' என்று பெயர். அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்கிற மழை இந்த ஓஷானாக்கள் வழியே மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து, நமீபியாவுக்குள் இறங்கி, எட்டோஷா உப்புப் படுகை வரை போகும். சில வருடங்களில் அது பெருவெள்ளமாக வரும். அதற்கு 'எஃபுஞ்சா' என்று பெயர். வீடுகளையும் பயிரையும் அடித்துக்கொண்டு போவதும் அதுதான். வறண்ட நிலத்துக்கு மீன் கொண்டுவருவதும் அதுதான். பாஸ்போர்ட் கேட்காமல் எல்லையைத் தாண்டிப் போய்வருவது இந்தத் தண்ணீர் மட்டும்தான்.

யாரோ இழுத்த கோடு

எல்லை எப்படி வந்தது? 1886-ல் ஜெர்மனியும் போர்த்துகலும் ஐரோப்பாவில் உட்கார்ந்து, எது யாருக்கு என்று ஒப்பந்தம் போட்டன. அப்போது அந்த மண்ணில் ஒரு ராஜா இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கோடு சரியாக எங்கே போகிறது என்பதில் அந்த இரண்டு நாடுகளுக்குள்ளேயே பிற்பாடு தகராறு வந்தது என்பது வேறு கதை.

1911-ல் மந்துமே யா ந்தெமுஃபாயோ பட்டத்துக்கு வந்தார். பதினேழு, பதினெட்டு வயதுதான் இருக்கும். 'யா ந்தெமுஃபாயோ' என்றால் ந்தெமுஃபாயோவின் பிள்ளை என்று அர்த்தம். நாம் இனிஷியல் போடுகிற மாதிரி அப்பா பெயர். ஆனால் பட்டம் அப்பா வழியில் வராது. அங்கே குலம் அம்மா வழி. மந்துமேவுக்கு முன்னால் ஆண்டவர் அவருடைய மாமா நாந்தே. பெயர் அப்பாவிடமிருந்து, நாற்காலி தாய்மாமனிடமிருந்து!

அந்த இளம் ராஜா காய் பழுக்கும் முன்னால் பறிக்கக் கூடாது என்று தடை போட்டார், பெண்கள் மாடு வைத்துக்கொள்ள உரிமை கொடுத்தார் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆண்டது ஆறே வருடம். 1915 ஆகஸ்டில் ஜெனரல் பெரைரா டி எசா தலைமையில் போர்த்துகீசியப் படை வந்தது. மோங்குவா என்ற இடத்தில் நாள்கணக்கில் சண்டை. அதே வருடம் கொடும் பஞ்சம் வேறு. அந்தப் பஞ்சத்தின் பெயர் 'ஒந்ஜாலா யெகோம்பா'. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிய பசி என்று சொல்லலாம். நம் ஊரில் தாது வருடப் பஞ்சம் என்று பெயர் வைத்து நினைவில் வைத்திருக்கிறோமே, அப்படி.

மந்துமே தலைநகரமான ஒந்ஜிவாவை விட்டுத் தெற்கே ஒய்ஹோலேவுக்கு நகர்ந்தார். அதற்குள் தெற்கே ஜெர்மனியைத் தோற்கடித்துத் தென்னாப்பிரிக்கா வந்து உட்கார்ந்திருந்தது. 1917 பிப்ரவரி 6-ம் தேதி அந்தப் படையோடு நடந்த சண்டையில் மந்துமே இறந்தார். எதிரியின் குண்டா, பிடிபடக் கூடாது என்று தானே சுட்டுக்கொண்டதா என்பதில் இன்றும் இரண்டு கதைகள். அவர் தலையை வெட்டி எடுத்துப்போய், விண்ட்ஹூக் ரயில் நிலையத்தின் அருகே உள்ள நினைவுத்தூணுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் நமீபியாவில் ஏராளம். அந்தத் தூண், அவரை எதிர்த்துப் போரிட்ட படைவீரர்களுக்காக எழுப்பியது.

அவருக்குப் பிறகு ராஜா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் ஆட்சியாளர்கள். 1926-ல் தென்னாப்பிரிக்காவும் போர்த்துகலும் எல்லையை இறுதி செய்தன. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. ஓவுக்வன்யாமா இரண்டாக அறுந்தது. அரண்மனையும் கல்லறையும் அந்தப் பக்கம். மக்களோ இரண்டு பக்கமும். ஒந்ஜிவாவுக்குப் போர்த்துகீசியர் வைத்த புதுப் பெயர் என்ன தெரியுமா? 'விலா பெரைரா டி எசா'. ராஜாவைத் தோற்கடித்த ஜெனரலின் பெயரையே அவருடைய தலைநகரத்துக்கு வைத்தார்கள். 1975-ல் அங்கோலா விடுதலை அடைந்த பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது.

இன்று இரண்டு நாடுகளுமே மந்துமேவை 'எங்கள் வீரர்' என்கின்றன. அங்கோலாவின் லுபாங்கோ நகரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நமீபியப் பல்கலைக்கழகத்தின் விண்ட்ஹூக் வளாகம் இருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். நமீபியாவில் ராஜ பட்டமும் திரும்பி வந்தது. 2005 முதல் பட்டத்தில் இருப்பவர் ஒரு பெண், மார்த்தா ம்வாதினோம்ஹோ கிறிஸ்டியன் நெலும்பு. ராஜாவுக்கும் ராணிக்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான், 'ஓஹம்பா'. அதனால் பட்டப்பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கம்பி அறுபடட்டும்

இந்த மொழியில் 'ர' கிடையாது. ராமனை 'இராமன்' என்று எழுதுகிற நமக்கு, வெளியிலிருந்து வரும் சொல்லைத் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொள்வது புதிதில்லை. ஆப்பிரிகான்ஸ் மொழியில் கம்பிக்கு 'த்ராட்'. அது ஓஷிவாம்போ பேசுகிறவர்கள் வாயில் 'ஓதலாத்தே' ஆயிற்று. கம்பி என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு இன்னொரு அர்த்தமும் சேர்ந்தது. கூலி ஒப்பந்தம்.

வறட்சியும் வரியும் சேர்ந்து விரட்ட, வடக்கிலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். ட்சுமேப் செம்புச் சுரங்கம், லூடெரிட்ஸ் பக்கம் வைரம், வால்விஸ் பே மீன் தொழிற்சாலை, வெள்ளைக்காரர்களின் பண்ணைகள். மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. வேலை பிடிக்கவில்லை என்று விட்டுப்போனால் குற்றம். இந்த ஒப்பந்தத்தைத்தான் 'கம்பி' என்றார்கள். 1971 டிசம்பரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது எழுந்த முழக்கம், "ஓதலாத்தே நாய்த்தெகே!" கம்பி அறுபடட்டும்! அடுத்த மாதமே ஆட்கள் பிடித்த கம்பெனியைக் கலைத்து, ஒப்பந்த விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. முதலாளியின் மொழியிலிருந்து வந்த ஒரு சொல், 'ர' உதிர்ந்து, முதலாளிக்கு எதிரான கோஷமாகத் திரும்பிப் போயிருக்கிறது.

ஒரு 'நா', இரண்டு வாசிப்பு

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. ஓஷிவாம்போ என்பது பல பேச்சு வழக்குகள் சேர்ந்த குடும்பப் பெயர். அதில் முதலில் எழுத்து வடிவம் பெற்றவை இரண்டு. 1870-ல் ஃபின்லாந்து மிஷனரிகள் ஒந்தோங்கா பகுதிக்கு வந்தார்கள். ஓஷிந்தோங்கா எழுத்துக்கு வந்தது. 1891-ல் ஜெர்மன் மிஷனரிகள் க்வன்யாமா பகுதிக்கு வந்தார்கள். ஓஷிக்வன்யாமா எழுத்துக்கு வந்தது. 1910-ல் ஹெர்மன் டோன்யெஸ் என்பவர் இந்த மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார். இரண்டையும் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் சிரமமில்லாமல் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் அங்கே 'ஓமேயா', இங்கே 'ஓமேவா'. வீடு அங்கே 'எகும்போ', இங்கே 'எயும்போ'. மரூலா பழத்திலிருந்து எடுக்கும் மது அங்கே 'ஓமகோங்கோ', இங்கே 'ஓமாவோங்கோ'. மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பேசிக்கொள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். யார் முதலில் வந்து அச்சடித்தார்கள் என்பதால்தான் இரண்டு பாடப்புத்தகங்கள்.

அச்சடிப்பதும் அங்கே சும்மா நடந்துவிடவில்லை. ஒனீபா என்ற ஊரில் இருந்த லுத்தரன் சபையின் அச்சகம் 1973-ல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. திரும்பக் கட்டினார்கள். 1980-ல் மறுபடியும் தகர்க்கப்பட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

எல்லையின் இரு பக்கமும் வாழும் மொழிக்கு இன்னொரு தலைவலி எழுத்துக்கூட்டல். 'மனிதன்' என்பதற்கு ஓஷிக்வன்யாமாவில் உள்ள சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது 'என்', 'ஹெச்' இரண்டும் அடுத்தடுத்து வரும். குரலே கொடுக்காமல், மூக்கு வழியாகக் காற்றை மட்டும் விட்டு ஒரு 'ன' சொல்லிப் பாருங்கள். அந்த ஒலிக்கான அடையாளம் அது. நமீபியாவில் படித்த பிள்ளை அப்படியே வாசிக்கும். ஆனால் போர்த்துகீசில் அதே இரண்டு எழுத்துக்கு 'ஞ' என்று உச்சரிப்பு. அங்கோலாவில் போர்த்துகீசு வழியாக எழுத்துப் படித்த பிள்ளை முதல் பார்வையில் 'ஓமுஞு' என்றுதான் வாசிக்கும். இரண்டு பேர் வீட்டிலும் பாட்டி சொல்வது ஒரே சொல்!

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை அடைந்தபோது ஆங்கிலம் ஒன்றே அரசாங்க மொழி என்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. நாட்டில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஓஷிவாம்போ பேசுகிறார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இருப்பது நூற்றுக்கு மூன்று, நான்கு வீடுகளில்தான். ஆனாலும் அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆப்பிரிகான்ஸ் நிறவெறி ஆட்சியின் மொழி. உள்ளூர் மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கு வருத்தம். மும்மொழி, இருமொழி என்று பல வருடம் வாதாடிய நமக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததுதான். மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் பாடம். நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலம். ஓஷிக்வன்யாமா அதற்குப் பிறகும் ஒரு பாடமாகத் தொடரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கலாம். ஒன்பது வயதில் கணக்கும் அறிவியலும் திடீரென்று வேறு மொழிக்கு மாறுகிறபோது, எந்த மொழி 'படிப்பு மொழி', எது 'வீட்டு மொழி' என்று பிள்ளை தானாகவே புரிந்துகொள்கிறது. வசதி வந்த பெற்றோர் மூன்றாம் வகுப்பு வரைகூடக் காத்திருப்பதில்லை.

அங்கோலாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 1987-ல் ஆறு உள்நாட்டு மொழிகளுக்கு அரசு எழுத்துமுறையை அங்கீகரித்தபோது அதில் க்வன்யாமாவும் இருந்தது. ஆனால் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டில் நூற்றுக்கு 71 பேர் வீட்டிலேயே போர்த்துகீசு பேசுவதாகத் தெரிந்தது. நீண்ட உள்நாட்டுப் போரில் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு ஓடியவர்களின் பிள்ளைகள் நகரத்தின் மொழியோடு வளர்ந்துவிட்டார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை என்று வாழும் குடும்பங்கள் அங்கே நிறைய. கல்யாணம், சாவு, மாடு வாங்குவது, விற்பது என்று போக்குவரத்து நிற்பதே இல்லை. அக்காவும் தங்கையும் ஓஷிக்வன்யாமாவில் பேசிக்கொள்கிறார்கள். அக்கா மகளுக்கு ஆங்கிலம் வரும். தங்கை மகனுக்குப் போர்த்துகீசு வரும். இரண்டு பேருமே நன்றாகப் படித்து, இரண்டு பேருமே வீட்டு மொழியை விட்டுவிட்டார்கள் என்றால், ஒரு தலைமுறை தள்ளி அவர்கள் பிள்ளைகள் சந்திக்கும்போது எதில் பேசுவார்கள்? மற்ற இடங்களில் தாய்மொழியை விட்டுவிட்டால் பாட்டியோடு பேச்சு போய்விடும் என்பார்கள். இங்கே சித்தி பிள்ளையோடும் பேச்சு போய்விடும். 1926-ல் இழுத்த கோடு வயலையும் மாட்டையும்தான் பிரித்தது; ரத்த உறவைப் பிரிக்க முடியாமல் நின்றுவிட்டது. அந்தக் கோடு செய்யாததை ரேங்க் கார்டு செய்துவிடும்போல இருக்கிறது.

இணையமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. தமிழுக்கு 'டிஏ' என்று இருப்பதுபோல, க்வன்யாமாவுக்கும் 'கேஜே' என்று சர்வதேசத் தரத்தில் ஈரெழுத்துக் குறியீடு இருக்கிறது. எத்தனையோ மொழிகளுக்குக் கிடைக்காத கௌரவம் அது. அந்தக் குறியீட்டில் ஒரு விக்கிப்பீடியாகூடத் திறந்தார்கள். எழுத ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள்.

பெயரில் இருக்கிறது பொழுது

ஆனால் மொழி பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லையே. பெயர்களில் இருக்கிறது. பகலில் பிறந்த பையன் ஹமுத்தென்யா. பெண் என்றால் நமுத்தென்யா. இரவில் பிறந்தால் ஹவுஃபிகு, நவுஃபிகு. காலையில் பிறந்தால் ஹங்குலா, நங்குலா. நமீபியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிதிபோ ஹமுத்தென்யாவின் பெயரில் இருப்பது ஒரு நடுப்பகல். லிஸ்பனில் படித்தாலும் லண்டனில் வேலை பார்த்தாலும், நங்குலா என்ற பெண் தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு காலைப் பொழுதை அந்த மொழியில் சொல்லிவிடுகிறாள்.

ஒருவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டால், அந்த இருவருக்கும் இடையே தனி உறவு வந்துவிடும். இருவரும் 'ம்பூஷே'. பெயர்க்காரர் என்று சொல்லலாம். பெரியவர் தன் ம்பூஷேவுக்குத் துணிமணி, பரிசு என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். தாத்தா பெயரைச் சுமப்பவன் 'பெயரன்', அதுவே 'பேரன்' ஆயிற்று என்கிறது தமிழ். ம்பூஷேவுக்குத் தமிழில் விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஒஷிகாங்கோ எல்லைச் சாவடியில் தினமும் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. நமீபியாவில் இடது பக்கம் ஓட்ட வேண்டும். கேட் தாண்டினால் அங்கோலா, வலது பக்கம் மாற வேண்டும். சீருடை மாறுகிறது, ரூபாய் நோட்டு மாறுகிறது, போர்டில் இருக்கும் எழுத்து மாறுகிறது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போகிற பெண்கள் மட்டும் இரண்டு பக்கக் காவலரையும் ஒரே மாதிரி "தாத்தே" என்று கூப்பிட்டு விலகச் சொல்கிறார்கள்.

நமீபிய வானொலியின் ஓஷிவாம்போ ஒலிபரப்பு எல்லைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அதில் பாட்டு உண்டு, செய்தி உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் உண்டு. இவற்றோடு இறப்பு அறிவிப்புகளும் வரும். யார் இறந்தார், எந்த ஊர், யாருடைய மகன், யாருடைய மாமா, அடக்கம் என்றைக்கு என்று நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது சத்தம் போட்டால் மேகூலு கையைக் காட்டி அடக்குவார். அறிவிப்பில் தெரிந்த பெயர் ஒன்று வந்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கிளம்பிவிடுவார்கள்.